அம்மாவின் சுக்குக் காப்பிப் பொடியும் புளியரைக் கோடும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது உபயோகமா பேசுப்பா, பழைய ஹாஸ்டல் கதை மட்டும் வேண்டாம்" என்றார். நான் ஆடிட்டர் அல்ல, சாதாரண இன்ஜினியர். ஆனால் வரி விஷயத்தில் ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டவன். பட்டவன் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள் என்ற தைரியத்தில் வந்து நிற்கிறேன்.

என் சொந்த ஊர் வீரகேரளம்புதூர். 2021-இல் வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலம். அம்மா அரைக்கும் சுக்குக் காப்பிப் பொடிக்கு எங்கள் தெருவில் நல்ல பெயர். "இதை ஏன் ஆன்லைனில் விற்கக் கூடாது?" என்று எனக்குத் தோன்றியது. விற்பனைத் தளத்தில் சேர வேண்டுமானால் ஜி.எஸ்.டி. எண் கட்டாயம் என்றார்கள். அன்றைய சட்டம் அப்படித்தான். ஒரு ரூபாய்க்கு விற்றாலும், தளம் வழியாகப் பொருள் விற்பவர் பதிவு செய்தே ஆகவேண்டும். அம்மா பெயரில் பதிவு செய்தேன். ஏழெட்டு மாதத்தில் இருபத்துமூன்று ஆர்டர். பிறகு எனக்கு ஆபீசுக்குத் திரும்பும்படி உத்தரவு வந்தது, கடை படுத்துவிட்டது.

கடை படுத்தாலும் கணக்கு படுக்கவில்லை. ஜி.எஸ்.டி. எண் இருக்கும் வரை, வியாபாரம் பூஜ்யம் என்றாலும் பூஜ்யம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம், ஒரு படிவத்துக்கு 500 ரூபாய் வரை. காலாண்டுக்கு இரண்டு படிவம். நான்கு காலாண்டு மறந்திருந்தேன். 4,000 ரூபாய்! நோட்டீசைப் பார்த்த அம்மா கேட்டாள்: "ஏல, இருபத்திமூணு பொட்டலத்துல நமக்கு நாலாயிரம் லாபம் கூட வரலையே?" என்னிடம் பதில் இல்லை. பணத்தைக் கட்டி, பதிவை ரத்து செய்து, அதற்குரிய இறுதிக் கணக்கையும் கொடுத்த பிறகுதான் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். படிக்க வேண்டியது முதலில்!

படித்ததில் நான் புரிந்துகொண்டது ஒன்றே ஒன்று. சின்ன விற்பனையாளர் முன்னால் ஒரு கோடு இல்லை, மூன்று கோடுகள் இருக்கின்றன. விவரம் அரசாங்கத்துக்குப் போகும் கோடு ஒன்று. பதிவு செய்ய வேண்டிய கோடு ஒன்று. வரி கட்ட வேண்டிய கோடு ஒன்று. நம்மவர்கள் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஒன்று வீணாகப் பயப்படுகிறார்கள், அல்லது வீணாகத் தைரியமாக இருக்கிறார்கள்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். ஹாஸ்டலை விட்டுப் போகும் தம்பி தன் பழைய சைக்கிளையும் கட்டிலையும் விற்கிறான். அது வியாபாரமே அல்ல. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த துணிமணி, மேஜை நாற்காலி, போன் போன்றவற்றை விற்றால் வருமான வரி இல்லை, ஜி.எஸ்.டி.யும் இல்லை. நகை, ஓவியம், சிற்பம் போன்றவற்றுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஆனால் அதே தம்பி மற்றவர்களிடம் பத்து சைக்கிளை வாங்கி, துடைத்து, லாபம் வைத்து விற்றால் அவன் வியாபாரி.

இனி, விவரம் போகும் கோடு. 2020 அக்டோபர் 1 முதல், விற்பனைத் தளங்கள் விற்பவருக்குப் பணம் கொடுக்கும்போது வருமான வரியாக ஒரு பகுதியைப் பிடிக்க வேண்டும். சட்டத்தில் அது முதலில் 1 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம். தனி நபர் ஒருவரின் விற்பனை ஆண்டுக்கு 5 லட்சத்தைத் தாண்டாமல் இருந்து, பான் அல்லது ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தால் பிடித்தம் இல்லை. எண் கொடுக்காவிட்டால் 5 சதவீதம் போய்விடும். பிடித்த பணம் காணாமல் போவதில்லை. வருமான வரிக் கணக்குப் போடும்போது கழித்துக்கொள்ளலாம். 2021 நவம்பரில் வந்த ஆண்டுத் தகவல் அறிக்கையில் இது உங்கள் பெயரில் பதிவாகிவிடும். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. அதனால் எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள், விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். 5 லட்சத்துக்குக் கீழே பிடித்தம் இல்லை என்பதற்கு, 5 லட்சத்துக்குக் கீழே வரி இல்லை என்று பொருள் அல்ல. வரி என்பது விற்பனைக்கு அல்ல, லாபத்துக்கு. 3 லட்சத்துக்கு விற்று 60,000 ரூபாய் லாபம் என்றால், அந்த 60,000 உங்கள் மற்ற வருமானத்தோடு சேரும். வேறு வருமானமே இல்லாத வீட்டம்மாவுக்கு அதனால் வரி வராது. என்னைப் போல் சம்பளம் வாங்குகிறவருக்கு வரலாம். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐ.டி.ஆர்-1 படிவமும் இதற்குப் பொருந்தாது. தொழில் வருமானத்துக்குரிய படிவத்தில் காட்ட வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் நம் நண்பர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. அமெரிக்காவில் 1099-கே என்றொரு படிவம். 20,000 டாலரும் 200 விற்பனையும் தாண்டினால் தளம் அதை அனுப்பும் என்பது பழைய விதி. 2021-இல் அதை 600 டாலராகக் குறைத்துச் சட்டம் போட்டார்கள். அமலாக்கத்தைத் தள்ளிக்கொண்டே வந்து, 2025 ஜூலையில் பழைய விதியையே திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தக் கோடு ஏறி இறங்கிய காலம் முழுவதும் லாபத்துக்கு வரி என்ற சட்டம் மாறவே இல்லை. படிவம் வராததால் வருமானம் இல்லாமல் போய்விடாது.

அடுத்து, பதிவுக் கோடு. எங்கள் வீட்டுக் கதைக்குப் பிறகு சட்டம் மாறியது. 2023 அக்டோபர் 1 முதல், தளம் வழியாகப் பொருள் விற்கும் சிறு வியாபாரி ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே விற்கலாம். நிபந்தனைகள் உண்டு. பான் வேண்டும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பதிவெண்ணுக்குப் பதிலாக ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் இருந்து விற்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு அந்த வரம்பு 40 லட்சம். சேவையும் சேர்ந்தால் 20 லட்சம். ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லா வியாபாரத்தையும், வரி விலக்குள்ள பொருளையும் கூட்டித்தான் இதைப் பார்ப்பார்கள்.

இந்த நிபந்தனைகளில் நம் பகுதிக்கு மிக முக்கியமானது வேறு மாநிலத்துக்கு அனுப்பக் கூடாது என்பது. செங்கோட்டையைத் தாண்டி, புளியரையைத் தாண்டினால் கேரளா. நமக்குப் புனலூர் பக்கத்து ஊர், சென்னைதான் தூரம். ஆனால் சட்டத்துக்கு அப்படி இல்லை. சென்னைக்கு 30 லட்சத்துக்கு அனுப்பினாலும் பதிவு வேண்டாம். புனலூருக்கு 300 ரூபாய்ப் பொட்டலம் ஒன்று அனுப்பினால் பதிவு வேண்டும்! தளமே வேண்டாம், வாட்ஸ்ஆப்பில் ஆர்டர் பிடித்துக் கூரியரில் அனுப்புகிறேன் என்றாலும், வரிக்குரிய பொருள் மாநில எல்லையைத் தாண்டினால் இதே விதிதான். பட்டியலிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இன்னொரு நுணுக்கம். கருப்பட்டி, தேன் இரண்டுக்கும் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் ஜி.எஸ்.டி. இல்லை. பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். ஆன்லைனில் யாரும் இலையில் மடித்து அனுப்புவதில்லை, ஆகவே "கருப்பட்டிக்கு ஏது வரி?" என்று இருந்துவிட வேண்டாம்.

கோட்டைத் தெரியாமல் தாண்டினால் என்ன ஆகும் என்பதை 2025 ஜூலையில் கர்நாடகத்தில் பார்த்தோம். யு.பி.ஐ. வழியாக வந்த தொகையை வைத்து, 40 லட்சம் தாண்டிய பதிவில்லாத சிறு கடைக்காரர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. அதில் வரியே இல்லாத காய்கறி, பால் விற்றவர்களும் இருந்தார்கள். பெங்களூரில் பல கடைகளில் ஸ்கேன் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி மாட்டினார்கள். அட்டையைக் கழற்றுவதால் என்ன பயன்? வந்த பணத்தில் விற்பனை எவ்வளவு, கைமாற்றாக வந்தது எவ்வளவு, வரி விலக்குள்ள பொருளுக்கு எவ்வளவு என்று காட்ட ஒரு நோட்டு இருந்திருந்தால், பாதிப் பயம் அன்றே போயிருக்கும்.

ஆகையால் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது நாலு காரியம். வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வாங்கியது, விற்றது, எந்த ஊருக்கு அனுப்பியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பாருங்கள். தேவை வராமல் ஜி.எஸ்.டி. பதிவு வாங்காதீர்கள், வாங்கினால் பூஜ்யக் கணக்கையும் மறக்காதீர்கள், கடையை மூடினால் பதிவையும் மூடுங்கள். உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு தனி. தொகை பெரிதாகிவிட்டால் என்னைக் கேட்காதீர்கள், ஆடிட்டரைக் கேளுங்கள்.

அம்மா இப்போது சேர்க்கை எண் வாங்கி, தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொடி விற்கிறாள். நோட்டுப் போட்டு எழுதுவதும் அவள்தான். மறுபடி என்னை நம்பத் தயாராக இல்லை. போன மாதம் புனலூரில் இருக்கும் சித்தி இரண்டு கிலோ அனுப்பச் சொன்னாள். அம்மா சொன்ன பதில்: "சீசனுக்குக் குற்றாலம் வருவீல்லா, அப்ப வீட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போ."

இருபத்துமூன்று பொட்டலத்தில் நான் கற்றதைவிட, அவள் ஒரு நோட்டில் அதிகம் கற்றுக்கொண்டாள். நீங்கள் 4,000 ரூபாய் கட்டாமலே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.