விண்கல்லின் சாவி யார் கையில்?

(அடி அண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மலையையே சிவமாக வலம் வரும் ஊர் இது. கல்லைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்கு வாய்க்காது. வானத்திலிருந்து விழும் கல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கும் காப்பாட்சியரே வெளியில் அதை விற்கும் வணிகராகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

1857 பிப்ரவரி 28 அன்று மதுரைக்குத் தெற்கே இரண்டு கற்கள் விழுந்தன. உலக விண்கல் பட்டியலில் அவற்றின் பெயர் 'பர்னாலி'. பெரியது 60 கிலோவுக்கு மேல்; இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் மண்ணில் விழுந்ததைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டியிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அது பதிவேட்டில் எண்ணோடு இருக்கிறது, ஆய்வாளர்கள் கேட்டுப் பெறலாம். இன்று இந்தியாவில் விழும் விண்கற்களுக்குக் காப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை.

வணிகர்கள் இந்தத் துறைக்கு அந்நியர் அல்லர். ராச்சஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி வார்டு 1862இல் தொடங்கிய நிறுவனம் அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கு எலும்புக்கூடுகளையும் கனிமங்களையும் விண்கற்களையும் விற்றது. கல் விற்றுப் பிழைத்தபடியே ஆராய்ந்தவர் ஹார்வி நைனிங்கர். அவர் சேகரிப்பில் ஒரு பகுதியை 1958இல் பிரிட்டிஷ் மியூசியமும், எஞ்சியதில் பெரும்பகுதியை 1960இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் வாங்கின. சஹாராவில் கிடைத்த எத்தனையோ கற்கள் வணிகர் கைவழியாகத்தான் ஆய்வகம் வந்து சேர்ந்தன. அவர்கள் செய்த உதவியை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் வாங்குபவர், விற்பவர், மதிப்பிடுபவர் மூவரும் ஒருவராகிவிடக் கூடாது. நகைக்கடையும் கோயில் கருவூலமும் ஒரே சாவிக்கொத்தில் இருந்தால் ஊர் சும்மா இருக்குமா?

புதுக் கல்லுக்குப் பெயர் கிடைக்க ஒரு விதி இருக்கிறது: 20 கிராமோ 20 சதவீதமோ, எது குறைவோ அதை ஒரு நிறுவனச் சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும். பெயர் வந்ததும் விலை ஏறுகிறது. 2025 ஜூலையில் நியூயார்க் ஏலத்தில் நைஜரில் கிடைத்த 24.67 கிலோ செவ்வாய்க் கல் சுமார் 53 லட்சம் டாலருக்குப் போனது; அது நாட்டைவிட்டு எப்படிப் போனது என்று நைஜர் அரசு விசாரணையில் இறங்கியது. எந்தக் கல்லை முதலில் ஆராய்வது, எதற்கு எதை மாற்றாகக் கொடுப்பது என்று முடிவு செய்யும் நாற்காலியில் வணிகர் உட்கார்ந்தால், அவர் போடும் ஒவ்வொரு கையெழுத்திலும் அவர் கடை இருப்பின் விலையும் சேர்ந்துவிடுகிறது.

ஆய்வுக்காகக் கல்லை அறுக்கும் மேசைக்கு வாருங்கள். வைரத்தூள் பதித்த ரம்பம் கல்லில் இறங்கும்போது, ரம்பத்தின் தடிமன் அளவுக்குக் கல் பொடியாகிவிடும். அறுக்கும் முன் ஓர் எடை. அறுத்த பின் துண்டுகளின் எடை. குறைந்ததைப் 'பொடி' என்று எழுதுவார்கள். கிராமுக்கு நூற்றுக்கணக்கான டாலர் போகும் கல்லில், அந்தப் பொடி எத்தனை கிராம் என்பதற்கு அறுத்தவர் வாய்மொழியே சாட்சி. கல்லின் மேல் வெள்ளைப் பூச்சிட்டு எழுதிய எண் ஒரு துண்டோடு போய்விடும். மறு துண்டில் அடையாளமே இல்லை.

திருடுபோன சிலைக்காவது அடையாளம் காண முகம் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசரை நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. பல அருங்காட்சியகங்களுக்கு அன்பளிப்பும் அளித்து நல்ல பெயர் வாங்கியிருந்தவர் கபூர். அவர் காட்டிய உரிமைப் பத்திரம் போலி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994இல் கோயிலில் எடுத்த படம் உண்மையைச் சொன்னது. 2014இல் நடராசர் நாடு திரும்பினார். அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழக அருங்காட்சியகமும் 2005இல் அவரிடம் ஒரு சோழர் காலச் செப்புத் திருமேனியை வாங்கி, 2015இல் அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. வல்லுநர்கள் நிறைந்த பல்கலைக்கழகமே ஏமாந்தது.

விண்கல் சில்லுக்கு அப்படி ஒரு படம் உதவாது. ஒரே கல்லிலிருந்து அறுத்த இரு சில்லுகள், ஒன்று அலமாரியிலும் ஒன்று சந்தையிலும் கிடந்தால், வேதியியலில் இரண்டும் ஒன்றே. எது எங்கிருந்து போனது என்று எந்தக் கருவியும் சொல்லாது. ஆகவே வணிகரே காப்பாட்சியராக இருந்தால், அவர் அப்பழுக்கற்றவராக இருந்தாலும் அதை நிரூபிக்க அவருக்கே வழியில்லை. நேர்மையான வணிகரைக் காப்பாற்றவும்தான் அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விலக்கி வைக்கச் சொல்கிறேன்.

யார் காப்பாட்சியராக இருந்தாலும், கல்லுக்குக் கல் மாற்றிக்கொள்ளும் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் வெளியாள் ஒருவர் மதிப்பிட்டிருக்க வேண்டும். அறுக்கும்போது இருவர் உடன் இருந்து, எடையில் இருவரும் கையெழுத்திட வேண்டும். பதிவேடு யார் கேட்டாலும் காட்டத் தக்கதாக இருக்க வேண்டும்.

நம் கல்லூரிப் புவியியல் துறைகளின் அலமாரிகளிலும் பெயர்ச்சீட்டு உதிர்ந்த கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எடைபோட்டு, நாற்புறமும் படமெடுத்து, எண்ணிட்டு எழுத மாணவர்களுக்கு ஒரு பருவம் போதும். இங்கு வந்திருக்கும் ஆசிரியர்கள் இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.