கருப்பட்டி போட்ட ஜாவா நூடுல்ஸ்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் அகரம்தென் கிராமத்திலிருந்து வருகிறேன். பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மைக் பிடிச்சுப் பேசறது இதுதான் முதல் தடவை, தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. "உன் நூடுல்ஸ் எப்படிச் செய்யறேன்னு எல்லாரும் கேக்கறாங்க, மேடையிலேயே சொல்லிடு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அது எங்கிருந்து என் கைக்கு வந்ததுன்னு சொல்லாம செய்முறையை மட்டும் சொல்ல எனக்கு வரலை.

2014-ல் எங்க வீட்டுக்காரர் வண்டியில போகும்போது அடிபட்டுக் காலில் கம்பி வச்சாங்க. வாங்கின கடனுக்கு வட்டி ஏறிக்கிட்டே போச்சு. நான் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனேன். அங்கே அந்த வேலைக்கு 23 வயசு முடிஞ்சிருக்கணும், எட்டு வருஷமாவது படிச்சிருக்கணும். என் பத்தாவது படிப்பு அங்கேதான் உதவிச்சு. என் பொண்ணுக்கு அப்போ நாலு வயசு. மாமியார்கிட்ட விட்டுட்டுப் போனேன். அந்த ராத்திரிகளைப் பத்தி நான் பேச வேணாம்.

பக்கத்து வீட்டில் ஜாவாவிலிருந்து வந்த ஒரு அக்கா வேலை செஞ்சாங்க. அவங்க மொழியில் அக்காவுக்கு 'காக்கா'ன்னு பேர். முதல் தடவை கேட்டப்போ சிரிப்பை அடக்க முடியலை. அவங்களும் ரெண்டு பிள்ளைகளை அம்மாகிட்ட விட்டுட்டு வந்தவங்கதான். எங்களுக்குள்ள அரைகுறை இங்கிலீஷ், மீதி கை ஜாடை. மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு எங்களுக்கு லீவு. அவங்க வீட்டம்மா அன்னைக்குச் சமையல்கட்டை விட்டுக் குடுப்பாங்க. காக்கா ஊரிலிருந்து கொண்டுவந்த, தட்டு மாதிரி ஒரு கல்லை எடுத்து வச்சு மிளகாயும் பூண்டும் நசுக்குவாங்க. நம்ம அம்மிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும் அந்தக் கல்லு.

அவங்க செஞ்சது 'மீ கோரெங்'. மீன்னா நூடுல்ஸ், கோரெங்னா வறுத்தது. நூடுல்ஸ் சீனாக்காரங்க கொண்டுபோனது. அதில் தங்களோட மிளகாய் மசாலாவையும், பனை வெல்லம் போட்டுக் காய்ச்சின இனிப்பு சோயாவையும் சேர்த்து ஜாவாக்காரங்க தங்க சாப்பாடா ஆக்கிட்டாங்க. சிங்கப்பூரில் நம்ம தமிழ் முஸ்லிம் கடைகளிலும் மீ கோரெங் கிடைக்கும். அது தக்காளி சாஸ் போட்டு செக்கச்செவேல்னு இருக்கும். ஜாவா அக்கா செய்யறது கருஞ்சிவப்பு. நம்ம பாரிமுனையில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் அத்தோ கொண்டுவரலையா, அது மாதிரிதான். ஜாவாவுக்கு நம்ம பழைய பேர் சாவகம். மணிமேகலை அமுதசுரபியோட போன நாடுன்னு பள்ளிக்கூடத்தில் படிச்சது, அந்தச் சமையல்கட்டில் நிக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

2016-ல் திரும்பி வந்தேன். என் பொண்ணு பாட்டி முந்தானைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. ஒரு மாசம் ஆகியும் என் கையால ஊட்டினா வாயைத் திறக்கலை. பாக்கெட் நூடுல்ஸ் மட்டும் கேட்பா, அதுவும் பாட்டி செஞ்சாத்தான். சரி, நூடுல்ஸ்தானேன்னு மீ கோரெங் செஞ்சேன். காக்கா போடற காரத்தை அப்படியே போட்டுட்டேன். குழந்தை ஒரு வாய் வச்சு துப்பிட்டு அழுதா. "புழு மாதிரி இருக்கு, இதுல காரம் வேற"ன்னு மாமியார் சொன்னாங்க. அடுத்த வாரம் மிளகாயைக் குறைச்சு, கருப்பட்டி சாஸ் கொஞ்சம் தூக்கலா விட்டுச் செஞ்சேன். சின்ன வெங்காயம் உரிக்க அவளையும் உக்கார வச்சேன். கண்ணு எரிஞ்சும் எழுந்து போகலை. தட்டைக் காலி பண்ணிட்டு, "அம்மா, இன்னும் கொஞ்சம்"னா. அந்த ஒரு வாரத்தில் அவ என்னை அம்மான்னு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இப்போ செய்முறை. நாலு பேருக்குச் சொல்றேன்.

முதல்ல சாஸ். இது இல்லைன்னா அந்த ருசி இல்லை. கால் கிலோ கருப்பட்டியை உடைச்சு ஒரு டம்ளர் தண்ணியில் கரைய விட்டு, மண் போக வடிகட்டுங்க. அடுப்பில் வச்சுப் பிசுபிசுன்னு வரும்போது அரை டம்ளர் சோயா சாஸும் ஒரு அன்னாசிப்பூவும் போட்டு, தேன் பதத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே இறக்கிடுங்க. ஆறினா கெட்டியாகும். பாட்டில்ல ஊத்தி வச்சுக்கலாம்.

மசாலாவுக்குச் சின்ன வெங்காயம் பத்து, பூண்டு அஞ்சு பல், ஊறவச்ச காய்ந்த மிளகாய் ஆறு, மிளகு அரை ஸ்பூன். ஜாவாவில் கெமிரின்னு ஒரு கொட்டை போடுவாங்க, பச்சையா சாப்பிடக் கூடாத கொட்டை. நமக்கு நாலு முந்திரி போதும். அவங்க போடற இறால் விழுதுக்குப் பதிலா ஒரு ஸ்பூன் சென்னாக்கூனியை வறுத்துச் சேர்த்துக்குங்க. மேற்கு தாம்பரம் மார்க்கெட்டில் கருவாட்டுக் கடையில் கிடைக்கும். எல்லாத்தையும் அம்மியில் கொரகொரன்னு அரைக்கணும். மிக்ஸியில்னா தண்ணி விடாதீங்க.

முந்நூறு கிராம் நூடுல்ஸை உப்புத் தண்ணியில் முக்கால் பதம் வேகவிட்டு வடிச்சு, பச்சைத் தண்ணி ஊத்தி அலசி, ரெண்டு ஸ்பூன் எண்ணெய் தடவித் தட்டில் பரத்தி ஆற விடுங்க. இரும்பு வாணலி நல்லா காயணும். எண்ணெய் விட்டு மசாலாவைப் பச்சை வாசனை போக வதக்கி, ஒரு ஓரமா ஒதுக்கி ரெண்டு முட்டையை உடைச்சுக் கிளறுங்க. ஒரு கைப்பிடி முட்டைகோஸ், ஒரு தக்காளி போட்டு ஒரு பிரட்டு. அப்புறம் நூடுல்ஸ், மூணு ஸ்பூன் சாஸ். தீயைக் குறைக்காம ரெண்டு மூணு நிமிஷம். சோயாவிலேயே உப்பு இருக்கு, ருசி பார்க்காம உப்பு போடாதீங்க. கடைசியா வெங்காயத்தாள். நாலு பேருக்குன்னா கூட ரெண்டு தடவையா வறுங்க.

ஏன் ரெண்டு தடவைன்னா, அதுக்கு நான் குடுத்த விலை அஞ்சாயிரம் ரூபாய். போன வருஷம் நம்ம கூட்டமைப்பு போட்ட உணவுக் கண்காட்சிக்குக் குழுவில் உள்கடன் வாங்கினேன். காலையிலேயே அஞ்சு கிலோ வேகவச்சு அண்டாவில் மூடி வச்சேன். சாயங்காலம் பெரிய வாணலியை வாடகைக்கு எடுத்து ரெண்டு கிலோவை ஒரே தடவையில் கொட்டினேன். வாணலி சூடு இறங்கிப் போச்சு, முட்டைகோஸ் தண்ணி விட்டுச்சு, மொத்தமும் களி ஆயிடுச்சு. இருபது தட்டு வித்திருக்கும், மிச்சமெல்லாம் மாட்டுக்குப் போச்சு. "சிங்கப்பூர் போய் இதைத்தான் கத்துக்கிட்டியா"ன்னு ஒருத்தங்க கேட்டாங்க. இங்கேதான் உக்காந்திருக்காங்க, பேர் சொல்லமாட்டேன். அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு. என் குழு அக்காங்க தவணையை ரெண்டு மாசம் தள்ளிக் குடுத்தாங்க. தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்தும் போட்டாங்க.

அப்புறம் சனிக்கிழமை மட்டும் வீட்டிலேயே ஆர்டர் எடுத்தேன். ரெண்டு தட்டு, ரெண்டு தட்டா வறுத்துக் குடுப்பேன். பக்கத்துத் தெரு, அப்புறம் மாடம்பாக்கத்திலிருந்து ரெண்டு வீடு. போன மாசம் கடைசித் தவணையைக் கட்டிட்டேன். கணக்கெல்லாம் என் பொண்ணுதான் எழுதறா, இப்போ ஒன்பதாவது படிக்கிறா. காக்காவுக்கு வாட்ஸாப்பில் தட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "காரம் பத்தாது, நிறமே சொல்லுது"ன்னு பதில் வந்துச்சு.

கடைசி வரிசையில் உக்காந்து என் பொண்ணு தலையை ஆட்டறா. மிளகாய் ஆறு இல்லை, எட்டுன்னு கை காட்டறா. இப்போ அவளுக்கு எட்டு வேணுமாம். நீங்க ஆறே போடுங்க.