வாசல் மிதியும் உள்விரிப்பும் சேரும் இடம்
(தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் கதைக்க வந்த விடயத்தைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். வாசலில் கிடக்கும் கால்மிதியைப் பற்றித்தான். இதைப் போய் ஒரு கூட்டம் வைத்துப் பேசவேணுமா என்று நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

மழைக்காலத்தில் மலையிலிருந்து வரும் கால் சேறும் அட்டையுமாகத்தான் வருகிறது. ஆகவே வாசலில் தடித்த தும்பு மிதி போடுகிறோம். காம்பராவுக்குள்ளே குளிருக்கும் அழகுக்குமாகப் பிளாஸ்டிக் தரைவிரிப்பு போடுகிறோம். இரண்டும் நல்லதுதான். ஆனால் தும்பு மிதி ஆறு நூல் தடிப்பு; அதாவது முக்கால் அங்குலம். உள்விரிப்போ ஒரு நூல்கூட வராது. இரண்டும் சேரும் இடத்தில் ஐந்து நூல் உயரத்தில் ஒரு குட்டிப் படி உண்டாகிறது. பெரிய படி என்றால் கண் பார்க்கும், கால் தூக்கும். இதைக் கண் பார்ப்பதில்லை.

மனிதர் சாதாரணமாக நடக்கும்போது கால்விரல் நுனி நிலத்தை விட்டு எழும்புவது ஒன்று அல்லது இரண்டு சென்ரிமீற்றர்தான். ஐந்து நூல் என்பது ஒன்றரை சென்ரிமீற்றருக்கும் மேலே. காலை இழுத்து நடக்கும் வயசான ஆட்களுக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு, இடுப்பில் குடமும் தலையில் விறகுக்கட்டுமாக வந்து தன் பாதத்தையே பார்க்க முடியாத பெண்ணுக்கு அந்த உயரம் போதும், விழுவதற்கு.

எங்கள் பிரிவில் ஓர் ஆயா இரவில் வெளியே போகக் கிளம்பி, மிதியின் ஓரத்தில் தடுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள மகள் வேலைக்குப் போகவில்லை. அந்த வீட்டில் வாரக்கணக்காக ஒரு பேர் விழவில்லை. கடனும் ஏறியது. மிதியின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது செய்யவேண்டியதற்கு வருவோம். பொதுக் கட்டிடங்களுக்கு அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. தரைமட்ட வித்தியாசம் கால் அங்குலம் வரை அப்படியே இருக்கலாம். அதற்கு மேல் அரை அங்குலம் வரை ஓரத்தைச் சரிவாகச் சீவவேண்டும். அரை அங்குலத்தையும் தாண்டினால் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று நீளமான சாய்வு வேண்டும். நமது லயத்துக்கு யாரும் வந்து இப்படி அளக்கப்போவதில்லை. ஆனாலும் கணக்கு நமக்கும் உதவும். ஐந்து நூலுக்கு இந்தக் கணக்கின்படி ஏழரை அங்குலச் சாய்வு. காம்பரா இருக்கிற அகலத்தில் அவ்வளவு இடம் விட மனசு வராது.

அதனால் எங்கள் அபிப்பிராயம், மிதியை இறக்கிவிடுவதே முதலாவது வழி. 7 பேர்ச் காணியில் தனிவீடு கட்டுகிறவர்களும், இஸ்தோப்புக்குப் புதிதாகச் சிமெந்து போடுகிறவர்களும் இதைக் கட்டாயம் யோசியுங்கள். மிதியின் நீள அகலத்துக்குச் சிமெந்தில் ஒரு பள்ளம் விட்டு, அதற்குள் மிதியை வைத்தால் மேல்மட்டம் தரையோடு ஒன்றாகிவிடும். புது மிதி மிதிபட மிதிபட அமுங்கும். ஆகவே முதலில் ஒரு நூல் மேலே நின்றால் பாதகமில்லை. பள்ளத்தின் அடி வெளிப்பக்கமாகச் சரிந்து, தண்ணீர் வடிய ஒரு சிறு வாய் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மிதி அழுகும், நுளம்பும் குடியேறும். பழைய லயத்தின் தரையை மட்டும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்காமல் கொத்தவேண்டாம். சில இடங்களில் சிமெந்து மெல்லியது, வெடித்துவிடும்.

கொத்த முடியாத இடத்துக்குச் சவுக்குப் பலகைதான் கைகொடுக்கும். நாலு அங்குல அகலத்தில் ஒரு துண்டு எடுத்து, ஒரு பக்கம் மிதியின் உயரத்துக்கும் மறுபக்கம் கத்தி முனை போலவும் சீவச் சொல்லுங்கள். முன்னே சொன்ன கணக்குக்கு இது எட்டாதுதான். ஆனாலும் செங்குத்தான ஓரத்தில் விரல் போய் இடிக்காது. உள்விரிப்பின் ஓரத்தை அந்த மெல்லிய முனைக்குக் கீழே ஓர் அங்குலம் நுழைத்துவிட்டால் விரிப்பு சுருண்டு எழும்பாது. ஆணி அடிக்கவேண்டாம்; நாளடைவில் தலை தூக்கி அதுவே காலைக் கிழிக்கும். தரையில் துளை போட்டு, திருகாணியைத் தலை மறைய முறுக்குங்கள். மிதிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் செருப்பு முனை மாட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பலகைக்கு மஞ்சள் அல்லது வெள்ளைப் பெயின்ற் ஒரு கோடு இழுத்தால் அரை இருட்டிலும் தெரியும்.

பலகைக்கும் வழியில்லை என்றால் தடித்த மிதியை இஸ்தோப்புக்குத் தள்ளிவிட்டு, வாசலுக்குள் அடியில் ரப்பர் பிடித்த மெல்லிய மிதி போடலாம். இதற்குச் செலவு குறைவு. பழைய சாக்கை நாலாக மடித்துப் போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது சறுக்கவும் செய்யும், சுருண்டு தடுக்கவும் செய்யும். உரப்பை இன்னும் மோசம். நனைந்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் அதை வைத்தால் சறுக்குமரம்தான்.

கதவு மிதியில் உரசுகிறதே என்று கடந்த முறை ஒரு சகோதரி கேட்டார். கதவின் அடியைச் சீவினால் போதும். மிதியைக் கதவுக்குள் பாதி, வெளியே பாதியாக இழுத்துப் போடுவதுதான் பிழை.

பிள்ளைக் காம்பராவின் வாசலிலும் இதே மேடு இருக்கிறது. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலையில் அவசரமாக நுழையும் தாய்மார் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே அந்த வாசலை முதலில் செய்வோம். பலகை சீவத் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுங்கள். அளவு நாடா எங்களிடம் இருக்கிறது, இன்றைக்கே போய் அளந்துவிடலாம்.