மந்திரத்திற்கும் ஒரு வரம்பு

நகரியை அடுத்த விஜயபுரத்திலும், சித்தூரிலும், திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர், பள்ளியில் தெலுங்கு பயின்று, வீட்டில் தமிழிற் கதை கேட்டு வளர்கின்றனர். அவர்களுள் ஒருவன் மாயக்கதை புனைய அமர்ந்தால் முதலில் என்ன செய்கிறான்? தன் வீரனுக்கு எல்லா வரங்களையும் வாரி வழங்கிவிடுகிறான். பறக்கலாம், மறையலாம், மலையைப் பெயர்க்கலாம். இரண்டாம் பக்கத்திலேயே கதை நின்றுவிடுகிறது. எல்லாம் கூடுமானால் எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை அன்றோ?

11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகளைக் காண்கிறோம். துறவி ஒருவனுக்காக அரசன் பிணத்தைத் தோளிற் சுமந்து வருகிறான். வழியிற் பேசினால், பிணத்தினுள் இருக்கும் வேதாளம் மரத்திற்கே மீண்டுவிடும். அது கேட்கும் புதிருக்கு விடை தெரிந்தும் வாளாவிருந்தால் தலை வெடித்துவிடும். விதிகள் இவ்விரண்டே. பேசினாலும் இழப்பு, பேசாவிடினும் இழப்பு! தப்பும் வழியும் அவ்விதிக்குள்ளேயே இருக்கிறது. இறுதிப் புதிருக்கு அரசனுக்கு மெய்யாகவே விடை தெரியவில்லை; வாய்மூடி நடக்கிறான். அறிவு பலமுறை அலைக்கழித்தவனை அறியாமை ஒருமுறை காத்துவிடுகிறது. இதனினும் சிக்கனமான மந்திர ஏற்பாட்டை நாம் வேறெங்கும் கண்டதில்லை. மகிழ்ந்த வேதாளம், அரசனையே பலியிடக் கருதிய துறவியின் சூழ்ச்சியை வெளியிடுகிறது.

இவ்வேதாளத்தை வீடுதோறும் கொணர்ந்தது 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் பிறந்த 'அம்புலிமாமா'. தோளிற் பிணமும் கையில் வாளுமாக அரசனை வரைந்தவர் சங்கர் என்னும் தமிழர். திருப்பதியிற் பிள்ளை தெலுங்கிலும், திருத்தணியில் அவன் மாமன் மகன் தமிழிலும் அவ்வோவியத்தையே பார்த்து அஞ்சினர். அவ்விதழ் இன்று வெளிவருவதில்லை என்பது நமக்கு வருத்தமே.

அதனை நடத்திய நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1951இல் இருமொழிகளிலும் வழங்கிய படம் 'பாதாள பைரவி'. அதில் வரும் பதுமை கேட்டதைத் தரும். ஆயின், எவர் கையிலிருக்கிறதோ அவருக்கே தரும். நல்லோன், தீயோன் என்று பாராது. ஆகவேதான் அது ரங்காராவின் மந்திரவாதி கைக்கு மாறியதும் அரங்கம் நடுங்கியது.

இனி நம் வீட்டுப் பிள்ளை மாயவாள் ஒன்றைப் படைத்துக் கொணர்ந்தால், அது என்ன செய்யும் என்று கேளாது, எப்போது செய்யாது என்று கேட்டுப் பார்ப்போம். சற்றே விழித்துவிட்டு, காகிதத்தை வாங்கிக்கொண்டு மீண்டும் அமர்வான். தெலுங்கில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும், அன்றிரவு நமக்குப் படித்துக் காட்டட்டும்.