காவல்மேட்டுச் சொல்



முன்னறிவிப்பைக் குறிக்கும் 'அலர்ட்' என்பது ஆங்கிலேயர் ஆக்கிய சொல்லன்று. 'மேட்டின்மேல்' எனப் பொருள்படும் 'அல்லெர்த்தா' என்னும் இத்தாலியத் தொடரே அதன் மூலம். உயர்ந்த இடத்தில் நின்று பகைவர் வரவைப் பார்க்குமாறு காவலரை அழைத்த படைக்குரல் அது. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துட் புகுந்தது.

இத்தாலியக் காவலர்க்கு மேடு. தினைப்புனங் காத்த தமிழர்க்குப் பரண். அத்தொடர் கேட்டவர்க்குச் செய்ய வேண்டுவதைச் சொல்லிற்று. இன்று பெருமழை நெருங்குங்கால் தமிழ்ச் செய்தித்தாள்கள் எழுதும் 'ரெட் அலர்ட்' தமிழர்க்கு எதைச் சொல்கிறது? மேடும் தெரியவில்லை, காவலும் தெரியவில்லை. 'விழிப்பு' என்று எழுதுக! அதற்குள்ளே விழி இருக்கிறது. கேட்டவன் கண் திறப்பான். இடர் வருமுன் உரைக்கும் சொல், உரைத்தவுடன் விளங்கவேண்டும். விளங்காத அறிவிப்பு உயிர் காவாது.

தமிழ் வெல்க!