பித்தப்பை அழற்சியும் காலந்தாழ்த்தாச் சத்திரசிகிச்சையும்

(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



எனக்குத் தரப்பட்ட பொருள் "உடல் நலம்" என்பதாகும். அது கடலளவு பெரிது. ஆதலால் அதிலே ஒரு துளியை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். பித்தப்பையிற் கல் அடைத்து அழற்சி உண்டான ஒருவருக்கு அப்பையை எப்பொழுது அகற்றுவது நன்று? உடனேயா? அன்றி, நோவும் காய்ச்சலும் தணிந்து ஒன்றரை மாதம் கழிந்த பின்னரா? நான் வைத்தியன் அல்லன். பல்கலைக்கழகத்திற் கற்கும் மாணவன். ஆயினும் இவ்வினாவின் பாதி நமது வீட்டுத் திண்ணையிலேயே தீர்மானிக்கப்படுவதால், என்னைப் போன்றவனும் இதைப் பேசலாமென்று துணிந்தேன்.

ஈரலின் கீழே, வலப்புற விலாவெலும்புகளின் மறைவில், சிறு கத்தரிக்காய் போலத் தொங்குவது பித்தப்பை. ஈரல் சுரக்கும் பித்தநீரைத் தேக்கி வைத்து, கொழுப்புணவு குடலுக்கு வரும்போது பிழிந்து கொடுப்பதே அதன் தொழில். தேங்கிய நீர் சிலரிடத்தே கட்டிபட்டுக் கல்லாகிவிடுகின்றது. கல் உடையோரெல்லாம் நோயாளர் அல்லர். ஏறக்குறைய ஐவரில் நால்வர் அதனால் ஒரு தொல்லையுமின்றி வாழ்ந்து முடிப்பர். வேறெதற்கோ ஸ்கேன் எடுத்தபோது கல் தென்பட்டதென்று கத்தியைத் தேடி ஓடவேண்டியதில்லை. இதைக் கேட்டு ஒருவரும் வீணே கலங்கக் கூடாதென்பதற்காக முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நமது பேச்சு, கல் பையின் கழுத்திற் சிக்கிக்கொண்டபின் நடப்பதைப் பற்றியது. பை வீங்கும், சுவர் தடிக்கும், வலப்பக்க விலாவின் கீழே குத்து எழுந்து முதுகுக்கும் வலத் தோட்பட்டைக்கும் ஓடும், வாந்தி வரும், காய்ச்சல் காயும். வெறும் பித்தக்கல் நோ சில மணி நேரத்திலே விட்டுவிடும். அழற்சி நோ ஐந்தாறு மணி கடந்தும் விடாது. வைத்தியர் அவ்விடத்தில் விரலை அழுத்தி, மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னால், நோயாளர் பாதி மூச்சிலே திடுக்கிட்டு நிறுத்துவார். சிக்காகோ நகரத்து மேர்பி என்னும் சத்திரவைத்தியர் கண்ட அடையாளம் அது. இன்றும் வாட்டுகளிற் பயன்படுகின்றது.

இனிக் காலத்தின் சங்கதிக்கு வருவோம். முதல் இரண்டு மூன்று நாட்களிற் பையைச் சுற்றியுள்ள இடம் நீர் கோத்து வீங்கியிருக்கும். அந்த நீர்க்கோப்பு சத்திரவைத்தியருக்கு ஒருவகையில் உதவியேயாகும். பை தன் படுக்கையிலிருந்து இலகுவிற் பிரிந்து வரும். நாட் செல்லச் செல்ல அவ்விடம் இறுகி, ஈரலோடும் குடலோடும் ஒட்டிக்கொள்ளும். தொட்ட இடமெல்லாம் இரத்தம் கசியும். களிமண் வயலை ஈரத்தோடு உழுதவருக்கும், அது காய்ந்து வெடித்தபின் உழ முயன்றவருக்கும் நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அவ்விறுக்கம் மறுபடி தளர்வதற்கு வாரக்கணக்காகும்.

இதனாலேதான் "ஆறவிட்டுச் செய்வோம்" என்னும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. உணவை நிறுத்தி, சேலைன் ஏற்றி, கிருமிகொல்லி மருந்து கொடுத்து, வீட்டுக்கனுப்பி, ஆறு வாரமளவிற் திரும்பி வரச் சொல்வார்கள். அதற்கு நியாயமும் உண்டு. பித்தப்பையின் காம்பு பிரதான பித்தக்குழாயோடு சேருமிடம் மிக நெருக்கமானது. வீங்கிச் சிவந்த இடத்திலே குழாயைக் காம்பென்று மயங்கி வெட்டினால் ஆயுள் முழுதும் துன்பமே. குழாய்க்கு ஊறு நேர்ந்தால் என்னாகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் பிரித்தானிய வெளிநாட்டமைச்சராயிருந்த அந்தனி ஈடன். 1953 ஏப்பிரலிலே லண்டனிற் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்தபோது அவருடைய பித்தக்குழாய் சேதமுற்றது. அங்கே இரண்டாம் முறையும், அவ்வாண்டு ஜூனில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே மூன்றாம் முறையும் அவர் வயிறு திறக்கப்பட்டது. பிரதமராகி, 1956இல் சூயஸ் நெருக்கடியை நடத்திய நாட்களிலும் அந்தக் காய்ச்சல் அவரை விட்டபாடில்லை. செல்வாக்குள்ள அமைச்சருக்கே அப்படியென்றால், ஆறவிடுவோம் என்ற வைத்தியர்களின் அச்சத்தை நாம் பரிகசித்தலாகாது.

அக்காலச் சத்திரசிகிச்சை எல்லாம் வயிற்றைப் பெரிதாகக் கீறிச் செய்வது. பெர்லினிலே லாங்கன்பூக் என்பவர் 1882இல் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியதிலிருந்து நூறாண்டு அப்படியே நடந்தது. 1965 அக்டோபரிலே அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன் தம் சட்டையைத் தூக்கிப் பத்திரிகைக்காரருக்குக் காட்டினாரே ஒரு நீண்ட தழும்பு, அது இந்தச் சத்திரசிகிச்சையின் தழும்பே. பின்னர் 1985 செப்டெம்பர் 12ஆந் திகதி, ஜேர்மனியின் பொப்லிங்கன் நகரத்து எரிச் மூயெ என்பவர், சிறு துவாரத்தினூடே குழாய்க்கருவியை விட்டுப் பித்தப்பையை எடுத்தார். அடுத்த ஆண்டு தம் நாட்டுச் சத்திரவைத்தியர் சங்கத்திலே அதை எடுத்துரைத்தபோது அவருக்குக் கிடைத்தது ஏளனமே. 1992இல் அதே சங்கம் அவரைக் கௌரவித்தது. நம் அயலிலே, மும்பையின் ஜே.ஜே. அரசாங்க வைத்தியசாலையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா 1990இல் இதைச் செய்து காட்டினார். வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவை நிரப்பி, மூன்று நான்கு துவாரங்களால் கமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் முறை இது. கூலிக்குச் சென்று உண்பவன் விரைவில் வேலைக்குத் திரும்புவதால் இது ஏழைக்கே மிக ஏற்றது.

ஆனால், புதுக் கருவி வந்ததும் பழைய அச்சமும் திரும்பி வந்தது. வயிற்றைத் திறந்து செய்யும் முறையில் முந்திச் செய்வதால் தீங்கில்லையென்று பின்லாந்து தேசத்தார் 1980இலேயே சோதித்து எழுதியிருந்தும், துவார முறை வந்த தொடக்க ஆண்டுகளில், அழன்ற பையை இம்முறையால் தொடக்கூடாதென்றே பலர் எண்ணினர். அதை மாற்றியவை நோயாளரைச் சீட்டுப்போட்டாற் போல இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வுகளாகும். லண்டனிற் பணியாற்றும் குறிஞ்சிச்செல்வன் குருசாமி என்னும் தமிழ்ப் பெயருடையாரும் அவர் கூட்டாளரும், அத்தகைய 6 ஆய்வுகளைத் திரட்டி 2013இல் வெளியிட்டனர். மொத்தம் 488 நோயாளர். பித்தக்குழாய் சேதத்திலே இரு பிரிவாருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முந்திச் செய்துகொண்டோர் வைத்தியசாலையில் ஏறக்குறைய 4 நாள் குறைவாகத் தங்கினர். ஆறவிட்டோரின் கதையே என்னைச் சிந்திக்க வைத்தது. அவர்களில் கணக்குக் கிடைத்த 219 பேரில் 40 பேருக்குக் குறித்த நாள் வருமுன்பே நோய் தணியாமலோ திரும்பியோ அவசரச் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. அந்த 40 பேரில் 18 பேருக்குத் துவார முறையைக் கைவிட்டு வயிற்றைத் திறக்க நேர்ந்தது. பொறுத்திருந்து பெறவிருந்த நன்மை எங்கே போயிற்று?

அதே 2013இல், ஜேர்மனியிலும் சுலோவீனியாவிலும் 618 பேரிடத்துச் செய்த பேராய்வின் முடிபும் வெளிவந்தது. சேர்ந்து 24 மணி நேரத்துள் சத்திரசிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 12 பேரளவிலே ஏதேனும் சிக்கலுற்றனர். மருந்தினால் ஆறவிட்டுப் பின்னர் செய்துகொண்டோரில் நூற்றுக்கு 34 பேர். வைத்தியசாலையிலிருந்த நாட்கள் முறையே 5, 10. பிரித்தானிய வழிகாட்டி 2014இல், நோயைக் கண்டறிந்து ஒரு வாரத்துள் செய்க என்றது.

"மூன்று நாள் தாண்டிவிட்டது, இனி ஆறவிடத்தான் வேண்டும்" என்ற சொல்லையும் கேட்கிறோம். 72 மணி என்பது கோயில் மணி அடித்தாற் போல எல்லை வகுத்த ஒன்றன்று. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலே 72 மணி கடந்தோர் 86 பேரை மாத்திரம் எடுத்து ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். அவர்களிடத்தும் முந்திச் செய்வதே மேலாயிற்று. 2018ஆம் ஆண்டின் டோக்கியோ வழிகாட்டியும் நாட்கணக்கைப் பிரதானப்படுத்தாது, நோயாளரின் உடல் தாங்குமா என்பதையே முன்வைக்கின்றது. தாங்காதவரும் உண்டு, அவருக்கு மருந்தோ, பைக்குட் குழாய் வைத்துச் சீழ் வடித்தலோ முதலில் நடக்கும். கண் மஞ்சளித்திருந்தால் கல் பிரதான குழாயிலே கிடக்கக்கூடும். அதை வாய்வழிக் குழாய்க்கருவியால் முன்னரே எடுக்க நேரலாம். இவை வைத்தியர் அறிந்து செய்ய வேண்டியவை.

நம்முடைய பங்கு எதுவென்றால், நோத் தொடங்கிய அந்த முதல் இரவு. கோமாரியிலே அது பெரும்பாலும் "வாய்வு" என்ற பெயரைப் பெறுகின்றது. முதல் நாள் ஓமத் தண்ணீர். இரண்டாம் நாள் பாமசி மாத்திரை. மூன்றாம் நாள் பொத்துவிலுக்கோ திருக்கோவிலுக்கோ ஒரு பயணம். அங்கிருந்து கல்முனைக்கோ அம்பாறைக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்பும்போது நாலாவது நாள். களிமண் காயத் தொடங்கியாயிற்று. இந்நோய் பெண்களுக்கே அதிகம் வருவது. நம் தாய்மாரோ அடுப்பு வேலை முடியும்வரை நோவைச் சொல்லமாட்டார்கள்; சொன்னாலும் "கிடந்தெழும்பினாற் சரி" என்பார்கள். அன்றியும் மேல்வயிற்று நோ மாரடைப்பாகவும் இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். கட்டணமின்றி வரும் 1990 அம்புலன்சை இதற்கு அழைப்பது மிகையாகாது.

இன்னுமொன்று. ஊசி மருந்தினால் நோ தணிந்தவுடன், பெரும்போக வேளாண்மை வெட்டு நடக்கிறது, பிள்ளைகள் தனியே என்று சொல்லித் துண்டு வெட்டிக்கொண்டு வருகிறோம். தணிந்தது நோவேயன்றிக் கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாட்டை விட்டு வருமுன் வைத்தியரிடம் பணிவோடு கேளுங்கள்: "ஐயா, இந்த முறையிலேயே செய்ய முடியுமா? இங்கே இயலாதெனில் எங்கே இயலும்?" தியேட்டரிலே நேரமின்மையாலும் மயக்க மருந்து நிபுணர் இன்மையாலும் சில இடங்களில் இயலாது போகலாம்; கேட்பதனால் யாரும் கோபிக்கமாட்டார். திகதி கொடுத்து அனுப்பினால், அதற்குள் காய்ச்சலோ குத்தோ மஞ்சளோ கண்டவுடன் கிளினிக் நாளைக் காத்திராமல் ஓடவேண்டும்.

பித்தப்பை இல்லாமல் வாழலாமா என்று சபையிலே ஒரு பெரியவர் முன்னரே கேட்டிருந்தார். வாழலாம் ஐயா. பித்தநீர் தேங்காமல் நேரே குடலுக்கு ஒழுகும். சிலருக்குச் சில காலம் வயிறு இளகிப் போகும், அவ்வளவே. சிக்கலின்றித் துவார முறையிற் செய்துகொண்டவர் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வருவார். ஒன்றிரண்டு வாரத்திலே இலகுவான வேலை பார்ப்பார். நெல்மூட்டை தூக்குவதற்கு மாத்திரம் இன்னுஞ் சில வாரம் பொறுக்கச் சொல்வார்கள்.