தடுப்பூசியும் நம் கடமையும்
(ஆண்டு விழாவில் மாதர் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் கண்டு மகிழும் இவ்விழா மேடையில் ஊசி மருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம், பொறுத்தருள வேண்டுகிறோம்.

நாம் வாழும் செம்பூருக்கு அடுத்த ரயில் நிலையம் கோவண்டி. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவியபோது, அந்நோய் மிகக் கடுமையாகத் தாக்கியது கோவண்டிப் பகுதியைத்தான். பச்சிளங் குழந்தைகள் உயிரிழந்தனர். கொரோனாக் காலத்தில் தவறிப்போன தடுப்பூசிகளும், நெருக்கமான குடியிருப்பும், ஊட்டக்குறைவும் ஒன்று சேர்ந்தன. தட்டம்மை காற்றில் பரவுவது. தடுப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கியிருந்தால் ஒன்பது பேரைப் பற்றும். நூற்றுக்கு 95 குழந்தைகளேனும் இரு தவணை ஊசி பெற்றிருந்தால்தான் ஊர் முழுவதற்கும் காப்பு.

ஏழைகள் ஊசி போடாமைக்குக் காரணம் அறியாமையே என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சம் நமக்கும் புதியதன்று. அம்மை குத்த வருபவரைக் கண்டால் நம் பாட்டிமார் பிள்ளைகளை நெற்குதிருக்குப் பின்னே மறைத்த கதையை நாம் கேட்டதில்லையா? வீடுதோறும் சென்று குத்தியதால்தான் 1975-க்குப்பின் இந்நாட்டில் பெரியம்மை இல்லை. 1995-இல் தொடங்கிய போலியோச் சொட்டு மருந்து முகாம்களும் வாயிற்படி வரை வந்தன; 2011-க்குப்பின் இயற்கையான போலியோக் கிருமியால் நோயுற்றவர் எவரும் இங்கே காணப்படவில்லை; 2014-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது.

ஆனால், ஓர் உண்மையை இம்மேடையில் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவைச் சேர்ந்த இல்லம் ஒன்றில் பணிபுரியும் பெண், குழந்தைக்கு ஊசி போட ஒரு காலை விடுப்புக் கேட்டாள். விருந்தினர் வருவதால் மறுநாள் போகச் சொன்னோம். மறுநாள் அவள் பகுதியில் முகாம் இல்லை. பிறகு ஊருக்குப் போனாள், அட்டையும் தொலைந்தது. சில திங்களில் குழந்தைக்குத் தட்டம்மை கண்டது. பல நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தது. அவள் எங்களை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எங்களை வருத்துகிறது. அவளுக்கு அறிவு இருந்தது. இல்லாதது ஒரு காலைப்பொழுது. அதை மறுத்தவர்கள் நாங்கள்.

ஆகவே, நம் குடும்பங்களுக்கு நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, ஊசி நாளன்று பணிப்பெண்ணுக்கும் காவலாளிக்கும் கூலி குறைக்காமல் விடுப்பு அளிப்போம்.

இரண்டாவது, அவர்களுடைய குழந்தையின் அட்டையை வாங்கிப் படித்துச் சொல்வோம். பிறந்தவுடன், 6, 10, 14 வாரங்களில், 9 மாதத்தில், 16 மாதத்திற்குமேல் என்பவை முக்கியத் தவணைகள். அரசு நிலையங்களில் இவை இலவசம். அட்டையைப் படம் எடுத்தும் வைப்போம்.

மூன்றாவது, தவறிய தவணைக்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்றும், தட்டம்மை ஊசியை 5 வயது வரை போடலாம் என்றும், ஊர் மாறினாலும் அங்கேயே தொடரலாம் என்றும் எடுத்துரைப்போம்.

நான்காவது, ஊசிக்குப்பின் ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்வோம். சொல்லாமல் விட்ட காய்ச்சலே அடுத்த தவணைக்குத் தாயை வரவிடாமல் தடுக்கிறது.

பிழைப்பைத் தேடி இந்நகருக்கு வந்தவர்கள் நாமும்தான். நமக்கு முன்னே வந்தவர் யாரோ வழி காட்டியதால் நம் பிள்ளைகள் பள்ளியும் மருத்துவமும் கண்டார்கள். நாளைக் காலை நம் வீட்டு அழைப்பு மணியை அடிப்பவளிடம், "உன் குழந்தைக்கு ஊசி எப்போது?" என்று கேட்போமாக.